லைன் குரூப்பில் போட்ட கல்யாணத் தேதி

அந்தக் கார்டைச் செய்தவள் நான். குரூப்பில் போட்டவளும் நான். வெளிர் மஞ்சள் பின்னணி, மேலே இரண்டு வாழைக்குலை, நடுவில் மணமக்கள் இருவரின் படம், கீழே 'தேதியைக் குறித்து வையுங்கள்' என்ற வரி, அதற்கும் கீழே தை மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை. மண்டபமோ முகூர்த்த நேரமோ அதில் இல்லை. அதெல்லாம் பத்திரிகை அடித்த பிறகு. இது வெறும் தேதி. வெறும் தேதியை வைத்து ஒருத்தியின் வேலையைப் பிடுங்க முடியும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒரகடத்தில் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் நானும் அந்த மணப்பெண்ணும் ஒரே லைனில் அடுத்தடுத்த இடத்தில் நின்று வேலை பார்த்தோம். என்னைவிட நான்கு வயது மூத்தவள், அதனால் அக்கா. தென்காசிப் பக்கம். வடக்குப்பட்டில் நான்கு பெண்களோடு வாடகை அறையில் இருந்தாள். நான் மணிமங்கலம். உள்ளே போன் கொண்டுபோக முடியாது, வாசலிலேயே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அதனால் கார்டு முழுவதும் கம்பெனி பஸ்ஸில்தான் உருவானது. காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று நான்கு நாள். நிச்சயதார்த்தத்தில் எடுத்த ஒரே படத்தில் மாப்பிள்ளையும் அவளும் ஒரு முழம் தள்ளி நின்றார்கள். நான் நடுவில் இருந்த இடைவெளியை வெட்டிவிட்டுத் தோளோடு தோள் சேர்த்து வைத்தேன். "ஏட்டி, இம்புட்டுப் பக்கத்துல நின்னா எங்கப்பா என்ன நெனப்பாவ?" என்றாள். மாற்று என்று மட்டும் சொல்லவில்லை. இறங்கும் இடம் வரும்வரை என் போனை அவள் திருப்பித் தரவே இல்லை.

ஊர்க்காரர்களுக்கும் அறைத் தோழிகளுக்கும் அவளே அனுப்பினாள். "லைன் குரூப்ல மட்டும் இப்ப போடாதட்டி. ரெண்டு மாசம் போவட்டும், பொறவு நானே சொல்லுதேன்" என்றாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் செய்ததை நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு. மறுநாள் பஸ் ஏறியதும், எங்கள் லைனில் எல்லாரும் இருக்கும் அந்த வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன். பத்து நிமிஷத்தில் முப்பது வாழ்த்து. அவற்றில் எங்கள் சூப்பர்வைசருடையதும் ஒன்று. 'வாழ்த்துகள் மா', பக்கத்தில் ஒரு பூங்கொத்து.

மூன்றாவது வாரம் எங்கள் ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கும் பட்டியல் வந்தது. அது முடியட்டும் என்றுதான் அக்கா ரெண்டு மாசம் பொறுக்கச் சொல்லியிருக்கிறாள். அக்காவின் பெயர் இல்லை. 'வருகைப் பதிவு சரியில்லை' என்றார்கள். நிச்சயதார்த்தத்துக்குப் போன ஒரு நாளைத் தவிர அந்த வருடம் முழுக்க அவள் லீவே போட்டதில்லை. பக்கத்து லைனில் ஒரு பையனும் அதே வாரம்தான் தன் கல்யாணத் தேதியைப் போட்டிருந்தான், கடற்கரையில் எடுத்த வீடியோவோடு. அவன் பெயர் பட்டியலில் இருந்தது. அவனுக்குக் கேன்டீனில் கேக் வெட்டினார்கள்.

அடையாள அட்டையையும் ஷூவையும் ஒப்படைக்க வந்த அன்று அக்கா சூப்பர்வைசரை வாசலிலேயே நிறுத்தினாள். நானும் ஷிப்ட் முடிந்து அங்கேதான் நின்றேன். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. "இன்னாம்மா, கல்யாணம் ஆனா ஊருக்குப் பூடுவ. இல்லாட்டி அடுத்த வருஷம் புள்ளன்னு லீவு கேப்ப. நான் லைன் ஓட்ட வாணாவா?" என்றார். மழை வருமா வராதா என்று பேசுகிற குரலில்தான் சொன்னார்.

"போறேன்னு ஒங்ககிட்ட நான் சொன்னேனா சார்?"

அவர் போனைப் பார்த்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். அவள் ஊருக்குப் போவதாகவே இல்லை. மாப்பிள்ளை ஒரகடத்தில்தான் லோடு வண்டி ஓட்டினார். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருவரும் வீடு பார்த்து வைத்திருந்தார்கள். அந்த வேலையை நம்பித்தான் பார்த்திருந்தார்கள்.

குரூப்பில் போட்டது என் தப்பு என்று அழுதேன். "நீயா நிறுத்துன? அவந்தான நிறுத்துனான்" என்றாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். திங்கட்கிழமை அவள் இடத்தில் புதிதாக ஒரு பெண் நின்றாள். எந்த ஒயர் எந்தக் கொக்கியில் என்று அவளுக்குக் காட்டிக் கொடுத்தது நான்தான். சூப்பர்வைசர் "சூப்பர் மா" என்றார். நான் சிரித்தேன். அவர் மேல் இருக்கும் கோபத்தைவிட அந்தச் சிரிப்பின் மேல் எனக்குக் கோபம் அதிகம். கல்யாணம் அதே தை வெள்ளிக்கிழமை நடந்தது. பார்த்து வைத்த வீட்டுக்கு அவர்கள் குடிவரவில்லை. அக்கா இப்போது தென்காசியில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். மாப்பிள்ளை இங்கேயே இருந்து மாதம் ஒருமுறை ஊருக்குப் போய்வருகிறார்.

ஏழு வருடமாகிறது. நான் அதே சாலையில் வேறொரு கம்பெனியில் லைன் லீடர். எனக்கும் கல்யாணமாகிவிட்டது. அந்தத் தேதியைக் கம்பெனியில் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒரு வருடம்வரை மெட்டியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் உள்ளே போனேன்.

போன வாரம் மேனேஜர் கூப்பிட்டார். "உன் லைன்ல யார் யாருக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கு? ஸ்டேட்டஸ்லாம் பாப்ப இல்ல, பேர் எழுதிக் குடும்மா" என்றார்.

"ஆம்பளைங்க பேரும் வேணுமா சார்?"

"அவங்க பேரு எதுக்கு?"

"அப்ப நான் எழுதல சார். இதைக் கேட்டீங்கன்னு வேணும்னா எழுதித் தரேன்."

அவர் கையால் போகச் சொன்னார். என் ஒப்பந்தம் பங்குனியில் முடிகிறது. புதுப்பிப்பார்களா, தெரியாது. வேறு யாரிடமாவது அந்தப் பட்டியலை எழுதி வாங்கிவிட்டார்களா, அதுவும் தெரியாது.

அன்று காலையில்தான் என் லைனில் ஒரு பெண் தன் கார்டை எனக்கு மட்டும் அனுப்பி, 'எப்டிக் கீது அக்கா? குரூப்ல போடட்டா?' என்று கேட்டிருந்தாள். நன்றாகத்தான் செய்திருக்கிறாள். இன்னும் நான் பதில் அனுப்பவில்லை. வாழ்த்துகள் என்று எழுத வேண்டும். போடாதே என்றும் எழுத வேண்டும். இரண்டையும் ஒரே செய்தியில் எழுத எனக்குக் கை வரவில்லை.