அடுத்த கோச் யாரு?

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஜெயிக்காத ஒரு காலேஜ் ஃபுட்பால் டீம், அதற்கு ஒரு கோச், அவர் இருப்பாரா போவாரா என்று பேசியே ஒரு கோடையை ஓட்டிய ஒரு டீக்கடை. இதில் எவன் படிக்க என்ன இருக்கிறது? போதாததற்கு என் படிப்பும் அரைகுறை. அதே காலேஜில் இரண்டாம் வருஷத்தோடு நின்றவன் நான். தமிழ் டைப்பிங் பழகியது பழனிசெட்டிபட்டியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில், கண்ணீர் அஞ்சலியும் காதணி விழாவும் அடித்து அடித்து. ஆனால் இந்தக் கதையை மற்றவர்கள் சொல்கிற லட்சணத்தைக் கேட்ட பிறகு, இதற்கு நானே எழுதிவிடலாம் என்று தோன்றிவிட்டது.

காலேஜை விட்டேனே தவிர கிரவுண்டை விடவில்லை. சாயங்காலம் கடையில் வேலை குறைந்ததும் கம்பம் ரோட்டில் பஸ் ஏறி காலேஜ் வாசலில் இறங்கிவிடுவேன். ஆட மாட்டேன், எனக்கு ஓட்டம் ஆகாது. கோட்டுக்கு வெளியே நின்று வாயால் ஆடுவேன். டீமின் கோல் கீப்பர் என் நண்பன். உத்தமபாளையத்துக்காரன். அவன் அத்தா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவான்) அங்கே அரிசிக் கடை வைத்திருக்கிறார். அவன் பந்தைக் கோட்டை விட்டால், "மாப்ள, அரிசி மூட்டைன்னா புடிச்சிருப்பேல்ல?" என்று கத்துவேன். அவன் சிரிப்பான். கோச் சிரிக்க மாட்டார்.

"ஏய் பேனரு, வாய மூடு. இல்லன்னா உள்ள வந்து ஓடு."

"உள்ள வந்தா பழைய ஃபீஸக் கேப்பாக சார்."

திரும்பிக்கொள்வார். அப்போது சிரித்திருப்பார் என்று நண்பன் சொல்வான். நான் பார்த்ததில்லை.

கோச்சுக்கு நாற்பதைத் தாண்டிய வயசு. சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். கல்யாணமான புதிதில் இங்கே வந்து, பழனிசெட்டிபட்டியில் வாடகை வீடு பிடித்து அப்படியே இருந்துவிட்டார். வேலை நிரந்தரம் இல்லை. ஒவ்வொரு வருஷமும் லீவு முடிகிற நேரத்தில் ஆபீஸில் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். போட்டால் அடுத்த வருஷமும் அவர்தான். மகள் அந்தக் கோடை முடிந்தால் பிளஸ் டூ. "இவ முடிக்கிற வரைக்கும் இங்கன இருந்துட்டாப் போதும்டா" என்று நண்பனிடம் ஒருநாள் சொல்லியிருக்கிறார். பந்துகள் இருந்த சாக்கைக் கட்டிக்கொண்டே சொன்னாராம். அதற்கு மேல் அவர் எதற்கும் ஆசைப்பட்டதாக எனக்குத் தெரியாது.

பரீட்சைக்கு முன்னால் நடந்த போட்டியில் மதுரைக் காலேஜ் ஒன்றிடம் எங்கள் பையன்கள் அசிங்கமாகத் தோற்றார்கள். பார்க்க வந்திருந்த காலேஜ் செகரட்டரியிடம் யாரோ, "கோச்ச மாத்தணும் போலயே" என்று சும்மா போட்டுப் பார்த்திருக்கிறார்கள். செகரட்டரி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "பாப்போம்" என்றார்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வாசலுக்கு எதிரே இருக்கிற டீக்கடை கோடை முழுக்கப் பிழைத்தது.

கடைக்கார அண்ணன் ஒரு கட்சி. "'பாப்போம்'னா மாத்தப்போறாகன்னு அர்த்தம். பொண்ணு பாத்துட்டுப் போனவுக 'பாப்போம்'னு சொன்னா என்ன அர்த்தம்? அதான்."

"அண்ணே, உங்களுக்கு அப்பிடித்தான் சொன்னாகளோ?"

"ஏலே, கிளாஸ வச்சுட்டுப் போ."

யார் வரப்போகிறார் என்பதற்கு ஆளாளுக்கு ஒரு குதிரை இருந்தது. கட்டப்பனையிலிருந்து ஒரு மலையாளி வருகிறார், பெரிய கோச்சிங் லைசென்ஸ் எல்லாம் வைத்திருக்கிறார் என்றார்கள். இல்லை, போலீஸ் டீமில் ஆடி ரிட்டயர் ஆனவர், தேனியிலேயே இருக்கிறார் என்றார்கள். செகரட்டரியின் மச்சினன் ஜிம் வைத்திருக்கிறார், அவர்தான், எல்லாம் பேசி முடிந்தது என்று சத்தியம் செய்தார்கள். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் டிரைவர்கூட மலையிலிருந்து இறங்கி வந்ததும் முதலில் கேட்பது, "அடுத்த கோச் யாரு?" என்பதுதான். அவருக்கும் பந்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

கோச் எதைச் செய்தாலும் அதற்கு ஓர் அர்த்தம் இருந்தது. முடி வெட்டிக்கொண்டால் இன்டர்வியூ. வீட்டு வாசலில் வேன் நின்றால் சாமான் ஏற்றுகிறார். அது கேஸ் வேன். குமுளி பஸ்ஸில் ஏறினால் கேரளாவில் வேலை. மகளுக்கு அங்கே கண் டாக்டர். அவர் மலையாளப் பேப்பர் வாங்கியதாக நானே ஒருநாள் சும்மா அளந்துவிட்டேன். ரெண்டு நாள் கழித்துக் கடைக்கார அண்ணன் அதையே என்னிடம் ரகசியமாகச் சொன்னார், மலையாளத்தில் என்ன தலைப்பு என்பதோடு சேர்த்து.

இத்தனைக்கும் நடுவே ஒருவர்கூட கோச்சிடம் போய், "சார், இருக்கீகளா போறீகளா?" என்று கேட்கவில்லை. அவருக்கே தெரியாது என்பதுதான் விஷயம். கையெழுத்துக்கு இன்னும் ஆபீஸில் கூப்பிடவில்லை. தினமும் சாயங்காலம் வந்து, ஆபீஸ் வராண்டா வழியாகவே கிரவுண்டுக்குப் போவார். முன்பெல்லாம் பின்பக்கக் கேட் வழியாகத்தான் வருவார்.

வைகாசி முடிந்து காற்று கிளம்பியது. காலேஜும் திறந்துவிட்டது. ஒரு மத்தியானம் நண்பன் நான்கைந்து பையன்களோடு எங்கள் கடைக்கு வந்தான்.

"மாப்ள, ஒரு பேனர் அடிக்கணும்."

"யாருக்குக் கல்யாணம்?"

"கோச்சுக்கு."

"மறுபடியுமா? வீட்ல தெரியுமா?"

"வெளாடாதடா. அவுகளையே வைக்கணும்னு செகரட்டரிக்குத் தெரியணும்ல."

எங்கள் பக்கம் இது ஒரு வழக்கம். ஒருவரிடம் நேரில் போய்ச் சொல்லக் கூச்சமோ பயமோ இருந்தால் பேனர் வைத்துவிடுவோம். ஆடு காணாமல் போனாலும் பேனர், சித்தப்பாவோடு சமாதானம் ஆனாலும் பேனர். செகரட்டரி அறைக் கதவைத் தட்ட அந்தப் பையன்களில் ஒருவனுக்கும் கால் வராது. ஆனால் அவர் கார் வந்து திரும்புகிற முக்கில் பத்தடிக்கு நின்று பேச எல்லோருக்கும் தைரியம் இருந்தது. எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

கோச் சிரிக்கிற படம் ஒருவரிடமும் இல்லை. குரூப் போட்டோ ஒன்றிலிருந்து வெட்டி எடுத்தேன். வெயிலுக்கு முறைத்துக்கொண்டு நின்றார். பின்னால் ஒரு சிங்கத்தை வைத்தேன். சிங்கம் கொஞ்சம் சாந்தமாகத் தெரிந்தது. 'எங்கள் மூச்சே, நீங்களே தொடர வேண்டும்' என்று மேலே, கீழே வரிசையாகப் பையன்கள் முகம். அது இல்லாமல் இங்கே எந்தப் பேனரும் கிடையாது. வைத்தவன் மூஞ்சி தெரிய வேண்டும். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "ஏண்டா, இம்புட்டுப் பெருசா ஒத்தை மூஞ்சி, அதுவும் சிரிக்காம. பாக்குறவன் ஆளு போய்ச் சேந்துட்டாருன்னுல நெனப்பான்?"

"அதான் தொடர வேண்டும்னு போட்டிருக்குல்லண்ணே."

"செத்தவனையும் அப்பிடித்தாண்டா போடுவீக."

விடிந்ததும் கட்டினோம். காற்று கிழிக்காமல் இருக்க ஃப்ளெக்ஸில் அங்கங்கே அரைவட்டமாக வெட்டிவிட்டு, சவுக்குக் கம்பில் கம்பியைப் போட்டு நான்தான் முறுக்கினேன். பண்ணைப்புரம் பக்கமிருந்து வந்த பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு அம்மா அண்ணாந்து பார்த்து, "ஆத்தா, நல்ல மனுசனா இருக்காரே, எப்பத் தவறுனாக?" என்று கேட்டது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சாயங்காலம் கோச் ஸ்கூட்டரில் வந்தார். பேனருக்கு அடியில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமல், மேலிருந்து கீழே கடைசிப் பையன் முகம் வரைக்கும் பார்த்தார். கிரவுண்டுக்குள் வந்தவர் சத்தம் போடவில்லை.

"யாருடா வச்சது?"

"நாங்கதான் சார்," என்றான் நண்பன். அவனுக்கு முகம் மலர்ந்திருந்தது. பாராட்டுவார் என்று நினைத்திருந்தான்.

"நான் வைக்கச் சொன்னேன்னு நெனைக்க மாட்டாகளாடா?"

ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே ஆபீஸ் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இப்பத்தான் செகரட்டரியப் பாக்க நேரம் கேட்டுட்டு வந்தேன். நாளைக்கு வாங்கன்னு சொல்லியிருக்காக. பசங்கள விட்டு மெரட்டுறான்னு நெனைப்பாகடா. எறக்குங்க. வெரசா எறக்குங்க."

ஓடினோம். கம்பியைக் காற்றுக்குத் தாங்கும்படி முறுக்கியிருந்தேன், சீக்கிரத்தில் பிரியவில்லை. நண்பன் கம்பத்தில் ஏறிப் பல்லால் கடித்துப் பார்த்தான். அப்போதுதான் செகரட்டரியின் கார் முக்கில் திரும்பியது. மெதுவானது. கண்ணாடி இறங்கியது. அவர் பேனரைப் பார்த்தார், கம்பத்தில் தொங்குகிறவனைப் பார்த்தார், கீழே இருந்த வரிசையில் அவன் முகத்தையும் பார்த்தார். கண்ணாடி ஏறியது. கார் போய்விட்டது.

மறுநாள் கோச் போனார். வராண்டாவில் நெடுநேரம் உட்கார வைத்து, கடைசியில் ஒரு கிளார்க் வந்து, இந்த வருஷம் அந்த வேலைக்கே ஆள் போடுவதில்லை என்று நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்.

டீக்கடை இரண்டாகப் பிரிந்தது. பேனரால்தான் போனார் என்று ஒரு பக்கம். அது எப்பவோ முடிவான விஷயம், தோத்த அன்றைக்கே முடிந்தது என்று இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் நல்ல விவரத்தோடு பேசினார்கள். நண்பன் இரண்டையும் கேட்டுக்கொண்டு, டீ ஆறிப்போகிற வரை கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சாமான் ஏற்ற நானும் அவனும் போயிருந்தோம். கோச்சுக்கு மாமனார் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏதோ ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார்கள். மகள் மட்டும் இங்கே ஹாஸ்டலில் இருந்து முடிக்கட்டும் என்று ஏற்பாடு. அந்தப் பெண் ஹாஸ்டலுக்கான பெட்டியைத் தனியாக வாசலில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். பீரோவை வேனில் தள்ளிவிட்டு மூச்சு வாங்கும்போது நான் எதையாவது பேசி வைக்க வேண்டுமே என்று கேட்டேன்.

"சார், போனது நம்ம பேனராலயா?"

நண்பன் என் காலை மிதித்தான்.

கோச் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "தெரியலடா. யாரும் சொல்லலையே," என்றார். பிறகு, "அந்த டிசைன் நீயா?" என்றார்.

"ஆமா சார்."

"மூக்க இழுத்து விட்டுட்டியேடா."

நான் சிரித்தேன். நண்பன் சிரிக்கவில்லை. 'இல்லை' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று அவன் காத்திருந்தான். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை, அதுதான் வந்த வினை. வேன் கிளம்பும்போது அவன் தோளில் தட்டிவிட்டு ஏறினார். தட்டியதற்கு என்ன அர்த்தம் என்று பஸ் ஸ்டாப் வரைக்கும் அவன் என்னைக் கேட்டுக்கொண்டே வந்தான். டீக்கடையில் கேட்டிருந்தால் பத்து அர்த்தம் சொல்லியிருப்பார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அதன் பிறகு வந்தவர் என்று யாரும் இல்லை. கட்டப்பனைக்காரர் வரவில்லை, போலீஸ்காரர் வரவில்லை, மச்சினன் தன் ஜிம்மிலேயே இருக்கிறார். இத்தனை பேரை வைத்துச் சண்டை போட்டோமே, யாருமே வராமலும் போகலாம் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. பையன்கள் கொஞ்ச நாள் தாங்களாகவே ஆடினார்கள். பிறகு ஒருத்தன் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கப் போனான், ஒருத்தன் ஏலக்காய் ஜீப்பில் ஏறினான். சாயங்காலம் கிரவுண்டில் ஒருவர் மனைவிக்கு ஸ்கூட்டர் ஓட்டப் பழக்குகிறார். நான் இன்னும் போகிறேன். கத்துவதற்கு ஆள் இல்லாததால் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுகிறேன். நண்பன் காலேஜ் முடிந்ததும் நேராக அரிசிக் கடைக்குப் போய்விடுகிறான். போன் செய்தால், "கடையில இருக்கேன்" என்பான். வேறு எங்கே இருந்தாலும் அதைத்தான் சொல்வான் என்று நினைக்கிறேன். கோச்சுக்கு நோன்புப் பெருநாளன்று போன் செய்தானாம். எடுக்கவில்லை. வேலையாக இருந்திருப்பார் என்று நான் சொன்னேன்.

போன வாரம் டீக்கடைக்குப் புதுத் தகவல் வந்தது. நிர்வாகம் மனசு மாறிவிட்டதாம், மறுபடி கோச் போடப் போகிறார்களாம், அந்தக் கட்டப்பனைக்காரரேதானாம். கடைக்கார அண்ணன் அடுப்பைக்கூடக் கவனிக்காமல் சொன்னார். எனக்கும் கொஞ்சம் உற்சாகம் வந்துவிட்டது. அங்கேயே நின்று நண்பனுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்: "மாப்ள, மூட்டையத் தூக்குனது போதும். புது கோச் வாறாகளாம். நம்ம செலவுல ஒரு வரவேற்பு பேனர் போட்டுருவமா? இந்தத் தடவ மூக்கு அளவா வைக்கிறேன்."

கேட்டதற்கான நீல டிக் உடனே விழுந்தது. பதில் வருவதற்குள் நான் இன்னொரு டீ குடித்துவிட்டேன்.

"வாறவுகளையாவது சும்மா விடு மாப்ள."