வலது கால் ஒலிக்காத இடம்

வியாழக்கிழமை காலை பத்தரைக்குத் திருச்சியில் விமானம் ஏறினேன். பதினொன்று இருபதுக்குக் கொழும்பு. திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போய்ச் சேர எனக்கு இதைவிட அதிக நேரம் ஆகும். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் பஸ். புறக்கோட்டையில் இறங்கி, வெள்ளவத்தைக்கு ஆட்டோ பிடித்தேன். இங்கே அதற்கு த்ரீவீல் என்று பெயர். ஒன்பது கிலோமீட்டருக்கு எண்ணூற்றைம்பது ரூபாய் என்றதும் திக்கென்றது. இலங்கை ரூபாய் என்று மனதுக்குள் இரண்டு முறை சொல்லிக்கொண்ட பிறகே ஏறி உட்கார்ந்தேன்.

"அம்மா இந்தியாவா? சாரி எடுக்கவா வந்தீங்க?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"இல்ல தம்பி, டான்ஸ் பார்க்க வந்தேன்."

கண்ணாடியில் என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். "அங்க இல்லாத டான்ஸா இங்க இருக்கு?"

நியாயமான கேள்வி. பெட்டி கட்டும்போது நானும் அதையேதான் முணுமுணுத்தேன். நான் நட்டுவாங்கம் செய்பவள். பரதநாட்டிய மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து, கையில் ஒரு ஜோடிக் கைத்தாளத்தை வைத்துக்கொண்டு, ஆடுபவரின் காலடிக்கு ஒலி கொடுப்பதும் 'தா தெய் தெய் தா' என்று சொற்கட்டு சொல்வதும் என் வேலை. முப்பது வருடமாக அதுதான் சோறு. வெள்ளவத்தையில் நாலு பேர் சேர்ந்து, சபா, புரவலர் என்று யாருடைய தயவும் இல்லாமல், ஆடுபவரின் காலே இசையை எழுப்பும்படி ஒரு கருவி செய்திருக்கிறார்கள். அதை வந்து பார்த்துப் பிழை சொல்லும்படி அழைத்தது அபிராமி, அந்த நாலு பேரில் கணினி தெரிந்தவள். என் பிழைப்புக்கு வேட்டு வைக்கும் கருவியைச் சரிபார்க்க எனக்கே அழைப்பு. வயிற்றெரிச்சலோடுதான் வந்தேன், மறைப்பானேன்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி. காலி வீதியின் புடவைக் கடைகளையும் நகைக் கடைகளையும் தாண்டி, கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை, அதாவது சந்து, ஒன்றில் அபிராமியின் வீடு, மூன்றாம் மாடியில். வெள்ளவத்தையின் ஒழுங்கைகள் எல்லாம் கடலில் போய் முடியும். கடலுக்கு முன்னால் ரயில் பாதை. அபிராமிக்கு முப்பது வயதிருக்கும். பகலில் எங்கோ வேலை, மாலையில் இது. சோபாவைச் சுவரோரம் நிறுத்திவிட்டுக் கூடத்தில் தடிமனான ரப்பர் விரிப்புப் போட்டிருந்தாள்.

"கீழ்வீட்டு ஆக்கள் ரெண்டு தரம் மேல வந்து சத்தம் எண்டு கதைச்சிட்டினம், டீச்சர். அதான் இந்த மெத்தை" என்றாள்.

ஆடுகிறவள் டிலானி. வயது நாற்பத்து மூன்று, கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பம், துறைமுகம் சார்ந்த ஒரு கம்பெனியில் எழுத்து வேலை. சலங்கையை எடுத்து அதன்மேல் சிலுவை அடையாளம் வரைந்து, நெற்றியில் ஒற்றிக்கொண்டு கட்டினாள். சலங்கைக்கு மேலே, கணுக்காலில், தீப்பெட்டி அளவில் ஒரு சிறு பெட்டி. கால் தரையில் விழும் வேகத்தை அது அளந்து, கம்பியில்லாமல் கணினிக்கு அனுப்பும். இடது கால் தட்டினால் முழவு போலத் 'தோம்'. வலது கால் தட்டினால் மணி போல 'ணங்'. மணிக்கட்டிலும் ஒரு பெட்டி; கையை உயர்த்தினால் தம்புரா ஒலி கூடும், தாழ்த்தினால் குறையும். எவ்வளவு பலமாக மிதித்தால் ஒலிக்க வேண்டும் என்பதற்குத் திரையில் ஒரு எண், ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியாக.

ஆடினாள். நான் குற்றம் பிடிக்கவென்றே உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடத்தில் அது மறந்துபோனது. தாளம் வெளியிலிருந்து வந்து அவளை ஓட்டவில்லை; அவளுக்குள்ளிருந்து வெளியே வந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

இடைவேளையில் பிளேன்டீ, பால் இல்லாத தேநீர், வந்தது. டிலானி கோப்பையோடு அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். கீழே ரயில் போனது. சன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. அவளுடைய வலது கால் தானாகவே 'ணங், ணங், ணங்' என்று ஒலித்தது. அபிராமி சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது.

"ஏம்மா, ரயிலுக்கு வலது மட்டும் அடிக்குது? இடது ஏன் சும்மா இருக்கு?"

அபிராமி டிலானியைப் பார்த்தாள். டிலானி கோப்பைக்குள் பார்த்தாள். திரையில் இடதுக்கு அறுபது, வலதுக்குப் பதினெட்டு என்றிருந்தது.

"வலது முழங்கால் ஏலாது, டீச்சர்" என்றாள் டிலானி. "ஆறு வருஷத்துக்கு முன்னம் படியில விழுந்தனான். களுபோவில ஆஸ்பத்திரியில ஒபரேஷன். நடக்கலாம், ஆடலாம், பலமா மிதிக்க மட்டும் ஏலாது. கேக்கிறவைக்கு எல்லாம் ஒபிஸ் வேலை கூடிப்போச்சு, அதான் விட்டனான் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். நாளைக்குக் கொட்டாஞ்சேனையில ஆட்டத்துக்கு எங்கட சனம் முழுக்க வரும். ஒருக்கா, ஒரே ஒருக்கா, முந்தி மாதிரி கேக்க வேணும் எனக்கு."

பூனை நடப்பதுபோல அவள் கால் வைத்தாலும் மணி முழுசாக ஒலிக்கும்படி செய்திருக்கிறார்கள். இதில் எனக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. எங்கள் தொழிலில் பாதி அதுதான். ஆடுபவரின் கால் பிந்தினால் தாளத்தையும் பிந்தப் போடுவோம். கால் விழாவிட்டால் நாங்கள் ஓங்கிப் போட்டு, விழுந்ததாகவே சபையை நம்ப வைப்போம். நல்ல நட்டுவனார் என்று பெயர் வாங்குவதே இப்படி மூடத் தெரிந்ததால்தான். கருவி என்னுடைய வேலையைத்தான் செய்கிறது என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அபிராமியும் நானும் மட்டக்குளி பஸ்ஸில் ஏறினோம். கொட்டாஞ்சேனைக்குப் பத்து கிலோமீட்டர், தொண்ணூறு ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். கணினியைக் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஜம்பட்டா வீதியில் இறங்கினோம். வீட்டுக்கு வீடு கதவுக்கு மேல் மாதா படம் அல்லது முருகன் படம். சில வீடுகளில் இரண்டும். தேவாலயப் பங்கு மண்டபத்தை நாலரை மணிப் பூசைக்குப் பிறகு தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நிகழ்ச்சி ஆறரைக்கு.

ஐந்தரைக்கு மேடையில் ஒத்திகை தொடங்கியது. டிலானி இடது காலைத் தட்டினாள். 'தோம்' என்றது, கூடவே 'ணங்' என்றது. மறுபடி தட்டினாள். மறுபடி இரண்டும். எனக்கு உடனே விளங்கியது. வெள்ளவத்தையில் ரப்பர் விரிப்பில் பழகியிருக்கிறார்கள்; இது பழைய பலகை மேடை. இடது கால் தட்டும் அதிர்வு பலகை வழியே ஓடி, ரயிலுக்கே ஒலிக்கும் வலது காலை எழுப்பிவிடுகிறது. மேடைக்காரியான நானாவது முந்தின நாளே கேட்டிருக்க வேண்டும். ரப்பரைப் பார்த்தேன், கேட்கத் தோன்றவில்லை.

அபிராமி எண்ணை ஏற்றிப் பார்த்தாள். முப்பதிலும் இரட்டை ஒலி. நாற்பதிலும் அதே. நாற்பத்தைந்தில் இரட்டை ஒலி நின்றது. ஆனால் டிலானி வலது காலை எவ்வளவு முயன்று வைத்தாலும் மணி பேசவில்லை. நெற்றி வியர்க்க மூன்று முறை மிதித்துப் பார்த்தாள். மூன்றாவது முறை முகம் சுளித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பூசை முடிந்து ஆட்கள் நாற்காலிகளில் வந்து உட்காரத் தொடங்கியிருந்தார்கள்.

"டிலானி அக்கா, நேற்றையான் ஒத்திகை ரெக்கோட் இருக்கு. அதைப் போடுறன், நீங்க அதுக்கு ஆடுங்கோ. ஒருத்தருக்கும் விளங்காது" என்றாள் அபிராமி.

நான் கைப்பையைத் திறந்தேன். தாளம் இல்லாமல் நான் காய்கறிக் கடைக்குக்கூடப் போவதில்லை. "எதுக்கு ரெக்கார்டு? நான் உட்கார்றேன். உன் கால் எங்க விழுதோ அங்க என் கை விழும். விழாத இடத்துலயும் விழும்." அதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. கருவி தோற்றது, நான் வந்தேன்.

டிலானி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆறு வருஷமாப் பொய் சொல்லிக்கொண்டு திரியிறன். மெசினையும் பொய் சொல்லப் பழக்கினனான். அதைப் பலகை காட்டிக்குடுத்திட்டுது. இப்ப நீங்களும் எனக்காகப் பொய் சொல்லப் போறீங்களோ, டீச்சர்?" கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னாள். பிறகு அபிராமியிடம், "ரெண்டு காலுக்கும் அறுபது போடும். வாறது வரட்டும்" என்றாள்.

ஆறு நாற்பதுக்குத் தொடங்கியது. நூறு பிளாஸ்டிக் நாற்காலிகளில் எழுபது நிறைந்திருந்தன. இடது கால், தோம். வலது கால், சலங்கையின் லேசான சிணுங்கல் தவிர ஒன்றுமில்லை. இடது, தோம். வலது, ஒன்றுமில்லை. "சவுண்ட் போயிட்டுது போல" என்று பின்னால் யாரோ சொன்னது எனக்குக் கேட்டது, அவளுக்கும் கேட்டிருக்கும். நான் முன்வரிசையில் தாளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணி வராத ஒவ்வொரு இடத்திலும் என் வலது கை தானாக எழுந்தது. இடது கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். தூங்கும் பிள்ளையைப் பாயில் கிடத்துவதுபோல அவள் அந்தக் காலைப் பலகையில் வைத்தாள். மெதுவான முதல் காலத்தில் அது ஓட்டையாக இருந்தது. வேகம் இரட்டித்த இரண்டாம் காலத்தில் சபை அந்த இடத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கியது. மூன்றாம் காலத்தில் மண்டபத்தில் ஒரு நாற்காலி நகரவில்லை. அவ்வளவு பேரும் அவளுடைய வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒலிக்கும் காலை யாரும் இப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. கண் கலங்கியது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

முடிந்ததும் கைதட்டல் சுமாராகத்தான் இருந்தது. பிறகு ஒரு பெண்மணி, அறுபதுக்கு மேல் இருக்கும், மேடையோரம் வந்தார்.

"பிள்ளை, வலது முழங்காலோ?"

"ஓம் அன்ரி."

"எனக்கும் அதுதான். கோயில் படி ஏற ஏலாமல் கிடக்கு."

இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். டிலானி மேடை விளிம்பில் உட்கார்ந்து, உடுப்பை முழங்கால்வரை தூக்கித் தையல் தழும்பைக் காட்டினாள். எண்ணெய், கட்டு, எந்த டொக்டர் என்று பேச்சு வளர்ந்தது. ஆட்டத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிலானியின் முகம் அவ்வளவு லேசாக இருந்து நான் அந்த இரண்டு நாளில் பார்த்ததில்லை.

ஞாயிறு மாலை திருச்சியில் இறங்கினேன். காரோடு வந்திருந்தவள் என் தங்கை சாந்தி. அவளும் ஆடுபவள், பன்னிரண்டு வருடமாக அவளுக்கு நான்தான் நட்டுவாங்கம். கொழும்பில் கடல் பக்கத்திலேயே இருக்கிறது, இங்கே வெயில் வேறு மாதிரி அடிக்கிறது என்று ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தேன். டோல்கேட் சிக்னலில் வண்டி நின்றது. அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"சாந்தி, மூணாம் காலத்துல உன் இடது கால் பிந்துது. இத்தனை வருஷமா நான்தான் தாளத்தைத் தள்ளிப் போட்டு மூடிக்கிட்டு வர்றேன்."

அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தெரியும்க்கா" என்றாள். "நீ எப்ப நிறுத்திடுவியோன்னு பயந்துகிட்டேதான் ஒவ்வொரு மேடையிலயும் ஆடுறேன்."