நோய் விசாரிக்கப் போன நோயாளி

பதுளை பஸாரில் ஜௌபர் ஹாஜியாருடைய ஹார்ட்வெயார் கடைக்குப் போய்வந்தவர்களில் பாதிப் பேருக்கு, அவருக்கு இடுப்புக்குக் கீழேயும் ஓர் உடம்பு இருப்பதே தெரியாது. காலையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தால் மத்தியான லுஹர் தொழுகைக்குத்தான் எழும்புவார். ஆணி என்றாலும் தகரம் என்றாலும் விரலால் சுட்டிக் காட்டியே விற்றுவிடுவார். அந்த உடம்பில் ஒழுங்காக உழைக்கிற உறுப்பு விரல் ஒன்றுதான் என்பாள் மனைவி முஷ்ரிபா. வாயை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை, அதற்கு ஓவர்டைம் வேறு.

ஒரே தட்டைச் சுற்றியிருந்து சாப்பிடும் கல்யாண வீட்டுச் சஹனில் தன் பங்கோடு பக்கத்து ஆளின் பங்கையும் சிரித்துக்கொண்டே முடிக்கிற மனுஷன் அவர். கடைசியில் சீனி ஏறியது, முழங்கால் மடங்க மறுத்தது, தூக்கத்தில் குறட்டை நின்று மூச்சும் சேர்ந்து நின்றது. இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டியெடுத்து, மிச்சத்தை வாழைக்காய் அளவுக்குச் சுருக்குகிற ஆபரேசன் ஒன்றுதான் வழி என்று கொழும்பு டொக்டர் சொல்லிவிட்டார்.

கத்திக்கு ஹாஜியார் பயப்படவில்லை. அவருடைய பயமெல்லாம் அதற்குப் பிறகு கிடக்கிற கட்டிலுக்குத்தான். காரணம் ஷுக்ரி நானா, கூடப்பிறந்த மூத்தவர். அவருக்குக் கால் முறிந்தபோது ஊரே திரண்டு வந்து விசாரித்தது. மாப்பிள்ளை மாதிரிக் கிடத்தி வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு பின்னேரம், அஸர் தொழுகை நேரம், வந்தவரை வாசல்வரை அனுப்பிவைக்க எழும்பியவர் நெஞ்சில் கையை வைத்தார், அப்படியே விழுந்தார். மவுத்து. எழும்பியதால்தான் போனார் என்று பதுளை அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டது.

ஆபரேசனுக்கு முன் ஹாஜியார் டொக்டரிடம் இதை ஒன்றுவிடாமல் சொன்னார். டொக்டர் தலையை ஆட்டினார். "எழும்பினதால இல்லை ஹாஜியார். அத்தனை நாள் எழும்பாம கிடந்ததால. காலில ரத்தம் உறைஞ்சு, அந்தக் கட்டி நெஞ்சுக்குப் போயிருக்கும். உங்களுக்குப் பருமனும் இருக்கு, ஆபரேசனும் இருக்கு. படுக்கையும் சேர்ந்தா மூன்றும் கூட்டுச் சேர்ந்திடும். படுக்கையை மட்டும் நீங்க சேர்க்காதீங்க."

ஆபரேசன் முடிந்த அன்று மாலையே அவரை எழுப்பி நடக்க வைத்தார்கள். வீட்டுக்குப் போனாலும் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒருதரம் எழும்பி நடக்க வேண்டும், தண்ணீரை மிடறு மிடறாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க நாளுக்கொரு ஊசி, அதை முஷ்ரிபா போடவேண்டும். வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்துப் போடுங்கள் என்று நேர்ஸ் காட்டிக் கொடுத்தபோது, "பிடிக்கிறதுக்கா பஞ்சம்?" என்றாள் முஷ்ரிபா. இவை போதாதென்று தொடை வரைக்கும் ஏறும் இறுக்கமான காலுறை வேறு. அதை அவருக்கு மாட்டுவது, ஒரு மூட்டை வெலிமடை உருளைக்கிழங்கை அரை மூட்டைச் சாக்கில் திணிக்கிற வேலை.

ஊர் திரும்பும் வழியெல்லாம் வேனை நிறுத்தி நிறுத்தி இறங்கி, அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அப்புத்தளையில் இதைக் கண்ட பதுளைக்காரர் ஒருவர், ஹாஜியாருக்கு வெட்டினது வயிற்றையா தலையையா என்று ஊருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வேன் வீட்டு வாசலுக்கு வருமுன்னே விசாரிக்கிற கூட்டம் வந்துவிட்டது.

முதலில் வந்தவர், ஹாஜியார் ஹோலில் நடப்பதைக் கண்டு முகம் சுண்டிப்போனார். "நடக்கிறீங்களே?" என்று பிராது சொல்கிற மாதிரிக் கேட்டார்.

முஷ்ரிபாவின் தம்பி றிஸாதுக்கு மானம் போயிற்று. "மச்சான், ஆக்கள் வார நேரம் நீங்க இப்படித் திரிஞ்சா, ஒண்டுமில்லாத்துக்கு வயித்த வெட்டிக்கிட்டு வந்தீக்கி எண்டு செல்லுவாங்க. ஷுக்ரி நானாக்கு நடந்தது மறந்து போச்சா? படுங்க!"

படுத்தார். போர்வை கழுத்துக்கு வந்தது. ஒரு கூட்டம் எழும்பினால் மறு கூட்டம் செருப்பைக் கழற்றியது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து ரெங்கசாமி வந்தார், வரிசை வீட்டு லயத்துக் கூரைக்குத் தகரம் வாங்கிப் பழகிய மனுஷன். ஹாஜியார் எழும்பப் பார்த்தபோது இரண்டு கையாலும் தோளை அமுக்கிவிட்டார். "படுங்க மொதலாளி, நம்மளுக்காக எந்திரிக்காதீங்க. ஒங்க அண்ணன் எந்திரிச்சுதானே போனாரு." கடைசி பஸ் வரைக்கும் அந்தக் கை இறங்கவில்லை. பிஸ்கட் டின்களும் மால்ட் மாவும் மேசையில் மலையாய்க் குவிய, கஞ்சித் தண்ணீரைக் கரண்டியால் உறிஞ்சிக்கொண்டு ஹாஜியார் அவற்றைப் பெருமூச்சோடு பார்த்தார்.

உள்ளதைச் சொன்னால், அவருக்கும் அது பிடித்திருந்தது. ஊரே வந்து கையைப் பிடித்தால் யாருக்குத்தான் பிடிக்காது? வராத ஒரே ஆள் ஷுக்ரி நானாவின் மனைவி, ஸித்தி ஸுபைதா மதினி. அதே ஒழுங்கையின் கடைசி வீடு. "சொந்த மதினி எட்டியும் பாக்கல்ல," என்று றிஸாத் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். ஹாஜியாருக்கும் அது உள்ளுக்குள் உறுத்தியது.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். விசாரிப்புக்கு அந்தக் கணக்கில்லை. ஒரு மாலை இடது கெண்டைக்கால் கடுகடுவென்று வலிக்கத் தொடங்கியது. ஹாஜியார் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நானாவின் கை நெஞ்சுக்குப் போனது கண்ணுக்குள் வந்தது. "முஷ்ரிபா, எனக்கும் வந்திட்டுது," என்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். அவள் உடனே த்ரீவீலைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பண்ணிப் பார்த்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், ரத்தக் கட்டி இல்லை. ஆனால் கட்டியிருந்த சாரத்தைத் தூக்கிய இளம் டொக்டர் பிள்ளை வாயில் கையை வைத்தாள். புழுக்கம் தாங்காமல் ஹாஜியார் காலுறையை முழங்காலுக்குக் கீழே சுருட்டி விட்டிருந்தார். அது றப்பர் வளையம் போட்ட மாதிரிக் காலை இறுக்கிக் கிடந்தது.

"இப்படிச் சுருட்டினா ரத்தம் ஓடாது, தேங்கும். சரி, மணிக்கு ஒருதரம் நடந்தீங்களா?"

"ஆக்கள் வந்தாங்க டொக்டர்."

"ஆக்கள் வந்தா உங்களுக்குக் கால் இல்லாமப் போயிடுமா?"



மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலே வீட்டுக்கு வரப்போகிறது என்று றிஸாத் நாற்காலி இரவல் வாங்கிக்கொண்டிருந்தான். வருகிறவர்களை வராதீர்கள் என்று சொல்ல முடியுமா? செத்தாலும் அந்தப் பழி தீராது. ஆனால் ஹாஜியார் வியாபாரியல்லவா? வாடிக்கையாளர் கடைக்கு வந்தால்தான் உட்கார வேண்டும். சரக்கே வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனால்?

காலையிலேயே காலுறையைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, முஷ்ரிபா குடை பிடிக்க, ஒழுங்கையில் இறங்கினார். முதல் வீட்டு வாசலில் நின்று ஸலாம் சொன்னார். "என்னப் பாக்க வாரதுக்கு ஈந்தீங்க தானே? இதோ, நானே வந்தீக்கி. பாத்துக்கோங்க."

வீட்டுக்காரர் வாயைப் பிளந்தார். பிறகு எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னார்: "உள்ளுக்கு வந்து இரிங்க."

"இரிக்க ஏலாது. சுகமா ஈக்கி. துஆ செய்ங்க." அடுத்த வீடு.

இப்படி வீட்டுக்கு வீடு நாற்காலிக்குத் தப்பி நடந்து, நடுவில் இரண்டு தடவை வீடு திரும்பி இளைப்பாறி, பின்னேரம் ஒழுங்கையின் கடைசி வீட்டு வாசலுக்கு வந்தார். அந்த வாசலில் மட்டும் கால் தயங்கியது.

ஸித்தி ஸுபைதா கதவைத் திறந்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள். 'இரிங்க' என்ற சொல்லுக்காக ஹாஜியார் காத்துக்கொண்டு நின்றார். அது வரவில்லை.

"இங்க இரிக்க வாணாம் தம்பி," என்றாள்.

ஹாஜியாருக்கு முகம் விழுந்துவிட்டது.

"ஒங்கட நானா கிடந்த நேரம், வந்தவங்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊத்தி இரிக்க வெச்சது நான்தான். ஆக்கள் முன்னால ஈக்கிறாங்க எண்டு அவரும் எழும்பல்ல. கிடந்து கிடந்துதான் ரத்தம் உறைஞ்சது எண்டு ஆஸ்பத்திரியில செல்லித் தந்தாங்க. ஊருல செல்லிப் பாத்தேன், ஒத்தரும் கேக்கல்ல." அவள் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். "நானும் வந்தா, எனக்காகவும் கொஞ்ச நேரம் படுப்பீங்க. அதுதான் வரல்ல. ஒவ்வொரு நாளும் ஜன்னலால பாத்தேன், நடக்கிறீங்களா எண்டு. இண்டைக்குத்தான் கண்டேன்."

ஹாஜியாருக்கு அழுகை வந்தது. குடையைப் பிடித்திருந்த முஷ்ரிபா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

மதினி செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். "நடங்க. நடந்துக்கிட்டே விசாரிக்கிறேன். ராவைக்கு நித்திரை வருதா?"

எதிரே றிஸாத் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தான். "மச்சான், பள்ளி ஆக்கள் வந்து கதிரையில ஈக்கிறாங்க! வந்து படுங்க!"

ஹாஜியார் நிற்கவேயில்லை. கல்லாவிலிருந்து சுட்டுகிற அதே விரலை நீட்டி, ஒழுங்கையைக் காட்டினார்.

"அவங்களையும் எழும்பி வரச் செல்லு."