மூலத்தில் உள்ளபடி

“பேனாவைக் கீழ வைம்மா. நேரம் முடிஞ்சுது.”

அவள் வைக்கவில்லை. வரி முடியவில்லை, பாதி வரியில் கையை எடுத்து அவளுக்குப் பழக்கமில்லை. முற்றுப்புள்ளி வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். மகள் தாளை இழுத்துக்கொண்டாள். சாப்பாட்டு மேசையின் மறுபக்கம் கணவர் ஒரு பழுதான மின்விசிறியின் வயிற்றைத் திறந்து வைத்து, திருகாணிகளை ஒவ்வொன்றாக ஒரு டப்பா மூடியில் போட்டுக்கொண்டிருந்தார். மணி மாலை ஆறரை. பரீட்சை நாளைக் காலை பத்து மணிக்கு.

மகள் கேள்வித்தாளில் இருந்த பத்தியைப் பார்த்தாள். அம்மா எழுதியதைப் பார்த்தாள். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“மறுபடியும் அப்படியே எழுதி வெச்சிருக்கே.”

“ஒரு எழுத்துகூடத் தப்பில்லையே” என்றாள் அவள்.

“அதுதாம்மா பிரச்சினையே.”

நிலப் பதிவு அலுவலகத்தில் அவளுக்கு ஒப்புப் பார்க்கும் வேலை. பழைய பத்திரத்துக்கு யாராவது நகல் கேட்டால் உள்ளே ஒருவர் தட்டச்சு செய்வார். பிறகு இன்னொருவர் மூலப் பத்திரத்தைச் சத்தமாக வாசிக்க, அவள் நகலின் மேல் மர அளவுகோலை வைத்து வரிவரியாக இறக்கிக்கொண்டே வருவாள். மூலத்தில் பிழை இருந்தால் நகலிலும் அந்தப் பிழை இருக்க வேண்டும். திருத்தக் கூடாது. ஓரத்தில் ‘மூலத்தில் உள்ளபடி’ என்று சின்னதாக எழுதிக் கையெழுத்துப் போடலாம், அவ்வளவுதான். ஒரு வீட்டுக்கு இரண்டு தெற்கு எல்லைகள் இருந்தாலும் சரி, ஒரு மனிதர் தான் பிறப்பதற்கு நாலு வருஷம் முன்பே நிலம் வாங்கியிருந்தாலும் சரி, அதைப் பற்றி அவளை யாரும் கேட்கப் போவதில்லை. வாசிப்பவர் விடுப்பில் இருக்கும் நாட்களில் அவளே வாசிப்பாள். கமா, புள்ளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லி வாசிப்பாள். அதனால் அலுவலகத்தில் அவளுக்குக் கமா அக்கா என்று பெயர். பதினேழு வருஷத்தில் அவள் கையெழுத்திட்ட நகல் ஒன்றுகூடத் தவறு என்று திரும்பி வந்ததில்லை.

இந்த வருஷக் கடைசியோடு அந்த வேலை இல்லை. இனிமேல் மூலத்தையே படம் எடுத்துக் கொடுத்துவிடுவார்களாம். படத்துக்கு ஒப்புப் பார்க்க ஆள் எதற்கு? பள்ளி இறுதி தேறியவர்களுக்கு முன்பக்கக் கவுன்டரில் நாற்காலி உண்டு. தேறாதவர்களுக்கு ஒரு நன்றிக் கடிதம். அவள் கடைசி வருஷத்தில் பள்ளியை விட்டவள். மூன்று வருஷமாகத் தனித்தேர்வராக எழுதி எழுதி, கணக்கைக்கூட ஒருவழியாகத் தாண்டிவிட்டாள். வரலாறு மட்டும் காலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. முதல் முறை முப்பத்தொன்று. அடுத்த முறை முப்பத்து மூன்று. தேற முப்பத்தைந்து வேண்டும். வருஷம் முடிவதற்குள் வரும் கடைசிப் பரீட்சை நாளையது.

இரண்டாம் முறை தவறியபோது விடைத்தாளின் பிரதியைக் கேட்டு வாங்கினாள். ஆண்டுகள், பொருத்துக, வரைபடம் எல்லாம் சேர்த்து முப்பத்திரண்டு, முழுசு. ஆதாரக் கேள்விகள் இருபது மதிப்பெண்ணுக்கு. ஒரு பழைய கடிதமோ நாட்குறிப்போ கொடுத்து, அதை எழுதியது யார், எதற்கு, நம்பலாமா என்று கேட்பார்கள். அந்தப் பகுதியில் அவளுக்குக் கிடைத்தது ஒன்று. ஓரத்தில் சிவப்பு மையில், ‘பத்தியை நகலெடுத்திருக்கிறார். சொந்த வாக்கியம் இல்லை’ என்று இருந்தது. அதைப் படித்ததும் அவள் முதலில் செய்த காரியம், நகல் சரியாக இருக்கிறதா என்று பார்த்தது. சரியாகத்தான் இருந்தது.

இன்று மதியம் சாப்பிடும்போது வாசிப்பவர் கிண்டல் செய்தார். பன்னிரண்டு வருஷமாக அவளுக்கு எதிரே உட்கார்ந்து வாசிக்கிறவர். அவரிடம் சான்றிதழ் இருக்கிறது, நாற்காலியும் முடிவாகிவிட்டது. நாளைக்கு விடைத்தாளின் அடியில் ‘ஒப்புப் பார்த்தேன்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளால் சிரிக்க முடியவில்லை. முதல் முறை எழுதும்போது அவள் அதைச் செய்திருந்தாள்.

மகள் இந்தப் பரீட்சையைப் போன வருஷம் எழுதித் தேறியவள். குளிர்பெட்டிக் கதவில் ஐந்து கேள்விகளை எழுதி ஒட்டியிருந்தாள். எழுதியவர் யார், எப்போது, யாருக்கு, எதற்காக, எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். முதல் மூன்றில் அவளுக்குத் தகராறு இல்லை. ‘எதற்காக’ என்றதும் பேனா நின்றுவிடும். கடைசிக் கேள்வியைப் பார்க்காமலிருக்க இரண்டு நாளாக அவள் குளிர்பெட்டிப் பக்கமே போகவில்லை. தண்ணீரைக் குழாயிலேயே பிடித்துக் குடித்தாள்.

பயிற்சித் தாளில் இருந்தது ஒரு கடிதம். வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்கான முகாமை நடத்திய அதிகாரி, தன் மேலதிகாரிக்கு எழுதியது. முகாமில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. மூன்று வேளையும் உணவு தரப்படுகிறது. மக்கள் மகிழ்ச்சியோடு இருக்கிறார்கள், ஒரு குறையும் இல்லை. இதை எவ்வளவு தூரம் நம்பலாம், சொந்த நடையில் எழுதுக.

“பேப்பர்ல இல்லாததை நான் எங்க போய்த் தேடுறது?” என்றாள் அவள். “அவர் குறை இல்லைன்னு எழுதியிருக்கார். அதிகாரி. முத்திரை வெச்சிருக்கு. நான் யாரு அதை இல்லைன்னு சொல்ல?”

“பரீட்சை எழுதுறவம்மா நீ.”

“சந்தேகப்பட்டா மார்க்கா? எங்க ஆபீஸ்ல சந்தேகப்பட்டா விளக்கக் கடிதம் கேப்பாங்க.”

மகள் தலையைப் பிடித்துக்கொண்டாள். கணவர் மின்விசிறியின் திருகாணிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஊரில் பாதி வீடுகளுக்கு மின்சார வேலை பார்க்கிறவர். பள்ளிப் படிப்பு அவள் அளவுக்குக்கூடக் கிடையாது. செய்தித்தாளில் வானிலையைக்கூட ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். ஒரு திருகாணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடியே சொன்னார்.

“பெட்டி மேல ‘புத்தம் புதுசு’ன்னு போட்டிருப்பான். நான் பெட்டியைப் பிரிச்சதும் ஸ்க்ரூ தலையைத்தான் முதல்ல பார்ப்பேன். கீறல் இருந்தா எவனோ ஏற்கனவே கழட்டியிருக்கான். நிஜமாவே புதுசா இருந்தா அதை எதுக்கு ரெண்டு தடவை எழுதணும்?”

அவள் எழுந்தாள். அடுப்படிக்குப் போய் டீ போட்டாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, துடைத்தாள். ஒரு குறையும் இல்லை என்பது அந்தக் கடிதத்தில் இரண்டு இடத்தில் இருந்தது. இரண்டு முறையும் பார்த்து எழுதியிருக்கிறாள், உறைக்கவில்லை.

துடைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெண்ணின் ஞாபகம் வந்தது. இரண்டு வருஷம் இருக்கும். ஒரு நகல் வாங்க வந்தவள். படிக்கத் தெரியாது, யாராவது வாசித்துக் காட்டுங்கள் என்று ஜன்னலில் கேட்டாள். அவள் வாசித்தாள், கமாவோடு. அப்பாவின் வீட்டில் தனக்குள்ள பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுப்பதாக அந்தப் பெண் எழுதிக் கொடுத்த பத்திரம். முழுச் சம்மதத்துடன், யாருடைய வற்புறுத்தலும் இன்றி. பத்து வரி தள்ளி மறுபடியும், முழுச் சம்மதத்துடன். கடைசிவரை கேட்டுவிட்டு அந்தப் பெண் கேட்டாள்:

“இதெல்லாம் நான் சொன்னதா?”

“மூலத்துல அப்படித்தாங்க இருக்கு” என்றாள் அவள்.

அந்தப் பெண் நகலை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். திரும்பி வரவில்லை. வந்திருந்தாலும் வேறு பதில் இருந்திருக்காது. மூலத்தில் கைநாட்டு இருந்தது, தெளிவாக, விரல் ரேகைகூடக் கலையாமல். முழுச் சம்மதம் என்ற சொற்களை இத்தனை வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை அளவுகோலுக்கு மேலே பார்த்திருப்பாள்? கண் அதில் நிற்பதே இல்லை. அதை எழுதியவர் யார் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. படிக்கத் தெரியாதவள் அதை எழுதியிருக்க முடியாது.

டீ ஆறுவதற்குள் மேசைக்கு வந்து புதுத் தாள் எடுத்தாள். கடிதத்தைக் கவிழ்த்து வைக்கச் சொன்னாள். கண் முன்னே இருந்தால் கை அதன் பின்னாலேயே போய்விடும்.

எழுதினாள். அடித்தாள். மறுபடியும் எழுதினாள். அடிப்பதே அவளுக்குப் பெரிய பாடாக இருந்தது. அடித்தல் திருத்தல் இல்லாத தாள்தான் அவளுக்குத் தாள். மகளைப் பார்க்காமல் தாளைத் தள்ளினாள்.

‘இந்தக் கடிதத்தை எழுதியவர்தான் முகாமையும் நடத்தியவர். அது சரியில்லை என்று எழுதினால் அவர் தன்மேல் தானே புகார் கொடுத்ததாகும். மக்கள் மகிழ்ச்சி என்று அவர் சொல்கிறார், மக்கள் சொல்லவில்லை. முகாமில் இருந்த ஒருவர் எழுதிய தாள் கிடைத்தால்தான் மீதி தெரியும்.’

மகள் இரண்டு முறை படித்தாள். நாலுக்கு மூன்று போட்டாள். ஒன்றை ஏன் குறைத்தாய் என்று அவள் கேட்டதற்கு, கடிதத்திலிருந்து ஒரு மேற்கோள் வேண்டும் என்றாள் மகள்.

“இப்பதானே பார்த்து எழுதாதேன்னே.”

“கொஞ்சம் எழுதலாம்மா. ரெண்டு மூணு வார்த்தை.”

எவ்வளவு கொஞ்சம் என்பதற்கு யாரிடமும் அளவு இல்லை. மேலும் அந்த நாலு வாக்கியத்துக்கு இருபத்திரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. பரீட்சையில் அப்படி ஐந்து கேள்விகள், நாற்பது நிமிஷத்துக்குள். இந்தக் கணக்குத் தெரிந்ததும், சற்று முன் வந்த தெம்பு இறங்கிவிட்டது. மகள் பரவாயில்லை, நாளைக்குக் கை தானாக ஓடும் என்றாள். போன வருஷம் மகளின் பரீட்சைக்கு முந்தின மாலையில் தானும் இதே குரலில் பேசியது அவளுக்கு நினைவிருந்தது. அப்போது அவளுக்கு அதில் துளி நம்பிக்கை இருக்கவில்லை.

நுழைவுச் சீட்டை எடுத்து அடையாள அட்டையோடு ஒப்புப் பார்த்தாள். அளவுகோல் வைத்து, பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி. மூன்றாம் முறை பார்க்கும்போது கணவர் அதை மெல்ல வாங்கி அலமாரியில் வைத்தார். விசிறியை மூடி, ஓடவிட்டார். நன்றாகத்தான் ஓடியது. ஆனாலும் அதில் ஏதோ சத்தம் வருகிறது என்று அவள் சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

மறுநாள் பத்து மணிக்குப் பரீட்சை தொடங்கியது. பெஞ்சு சிறுபிள்ளைகளுக்கானது, முழங்கால் இடித்தது. ஆண்டுகளும் பொருத்துகவும் பதினோரு மணிக்குள் முடிந்தன. ஆதாரப் பகுதியில் ஒரு சந்தை மேற்பார்வையாளரின் நாட்குறிப்பிலிருந்து ஒரு பக்கம் கொடுத்திருந்தார்கள். மேலே ஜூன் 31 என்று தேதி இருந்தது. அவள் கையைத் தூக்கினாள். கண்காணிப்பாளர் வந்து பார்த்தார். தனக்கு எதுவும் சொல்ல அனுமதியில்லை, இருப்பதை வைத்து எழுதுங்கள் என்றார். இதில் ஏழு நிமிஷம் போயிற்று. அறையில் வேறு யாரும் கை தூக்கவில்லை.

நம்பலாமா என்ற கேள்விக்கு அவள் இப்படி எழுதினாள்: ‘ஜூன் மாதத்துக்கு முப்பது நாள்தான். அந்தப் பக்கத்தை எழுதியவர் அந்த நாளில் எழுதாமல் பிறகு எழுதியிருக்கலாம். அல்லது அதைப் பார்த்து எழுதியவர் தவறியிருக்கலாம். நான் மூலத்தைப் பார்க்கவில்லை. அதனால் இந்தத் தேதியை வைத்துச் சொல்லும் எதையும் நம்ப முடியாது.’ பிறகு இரண்டு வார்த்தை மேற்கோள் சேர்த்தாள். ஐந்தாவது கேள்வியில் இரண்டு வரி எழுதியபோது மணி அடித்தது. மூன்றாவது வரி பாதியில் நின்றது. தாளை வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டரை மணிக்கு அலுவலகம் போனாள். வாசிப்பவர் எப்படி எழுதினீர்கள் என்று கேட்டார். தேதியைப் பற்றிச் சொன்னாள். அச்சுப் பிழையாக இருக்கும், திருத்துகிறவர் அதையெல்லாம் பார்க்கமாட்டார் என்றார். இருக்கலாம் என்றாள். ஆறு பத்திரங்கள் ஒப்புப் பார்த்தார்கள். ஒன்றில் முழுச் சம்மதம் என்று வந்தபோது அவள் அளவுகோலை இறக்கவில்லை. வாசிப்பவர் நிறுத்தி, விட்டுப்போயிற்றா என்று கேட்டார். இல்லை, மேலே போங்கள் என்றாள். முடிவு ஆறு வாரத்தில் வரும். ஐந்து மணிக்கு அளவுகோலை இழுப்பறையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.