கற்பூரத்தின் மேல் ஒரு சொற்பொழிவு

எங்கள் தெருவில் புதிதாகக் கட்டிய சாக்கடையின் சிலாப் முதல் மழைக்கே இரண்டாக உடைந்தது. முதலில் அதில் விழுந்தது ஓர் ஆடு. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை; எழுந்து உடம்பை உதறிக்கொண்டு போய்விட்டது. கெட்டது என் வீட்டுக்காரர் பெயர்தான்.

அவர் அப்போது எங்கள் வார்டு கவுன்சிலர். தொண்ணூறுகளின் பின்பாதி அது. திருவண்ணாமலையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர், நாலு பேர் சொன்னார்கள் என்று தேர்தலில் நின்று, தானே எதிர்பாராமல் ஜெயித்துவிட்டார். ஜெயித்த அன்று மாலை போட்டவர்கள்தான், சிலாப் உடைந்த அன்று "பொட்டி போயிருக்கும்" என்றார்கள். அப்படிச் சொல்வதற்கு எங்கள் ஊரில் ஆதாரம் எதுவும் வேண்டியதில்லை. டீக்கடையில் பேப்பர் படிப்பவர்கள் மந்திரி மேல் வழக்கு என்று செய்தி வந்தால், வழக்கு என்ன என்று கூடப் படிக்காமல், "எவன்தான் வாங்கல?" என்று மடித்து வைத்துவிடுவார்கள். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். பெரிய ஆளுக்குப் பெட்டி, எங்கள் வார்டு அளவுக்கு மஞ்சப்பை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்திருந்தேன்.

அந்த மஞ்சப்பை எங்கள் வீட்டுக்கே வந்ததை எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டார். நான் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றிருந்தேன். கேனைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது அக்கா என்னை ஓரமாக அழைத்தார்.

"ஏம்மா, சாக்கடை கான்ட்ராக்டரோட ஆளு ஸ்கூட்டர்ல வந்தான். பையோட உள்ள போனான், வெறுங்கையோட வெளிய வந்தான். நான் ஒண்ணும் சொல்லல. பாத்தத சொன்னேன்."

பார்த்ததைச் சொன்னேன் என்றால், தெருமுனை வரைக்கும் சொல்லி முடித்தாகிவிட்டது என்று பொருள்.

உள்ளே இவர் ஒன்றும் நடக்காதது மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்டேன். "இல்லையே" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

அந்த 'இல்லையே'தான் என்னைச் சுட்டது. வந்தார்கள் என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பேன். இல்லை என்ற பிறகு கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வாங்கினேன் என்று சொல்லிவிட்டால் அப்புறம் இந்த மனிதரோடு எப்படிக் குடும்பம் நடத்துவது? கேட்காமலே இருந்துவிட்டேன்.

மறுநாள் பௌர்ணமி. எப்போதும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் கிரிவலம் போவோம். அன்றைக்கு "கூட்டம் ஜாஸ்தி, நீ வேணாம்" என்று சொல்லி, நான் குளித்துவிட்டு வருவதற்குள் இவர் தனியாகக் கிளம்பிவிட்டார். பாவத்தைத் தொலைக்கப் போகிறார் போல என்று நினைத்துக்கொண்டு, நான் வீட்டைச் சோதனை போட ஆரம்பித்தேன். பரண், அரிசி டிரம், சாமி படங்களின் பின்பக்கம், பழைய டியூப் போட்டு வைத்திருந்த சாக்கு, ஒன்றையும் விடவில்லை. ரொம்ப நாளாகத் தேடிய பால் கரண்டி கிடைத்தது. பை கிடைக்கவில்லை. கிடைக்காததால் சந்தேகம் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. இவ்வளவு சாமர்த்தியமாக ஒளித்து வைக்க இவர் எப்போது கற்றுக்கொண்டார் என்று ஆச்சரியமாக இருந்தது.

தெருவுக்கும் என் மாதிரியேதான் புத்தி வேலை செய்தது. என் செருப்பு அறுந்துபோய்ப் புதுசு வாங்கினேன். தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோரும் என் காலையே பார்த்தார்கள். "நல்லா இருக்குதே, எங்க எடுத்தீங்க?" என்று ஒருத்தி கேட்க, இன்னொருத்தி, "அவங்களுக்கு இன்னாம்மா, எங்க வேணா எடுப்பாங்க" என்றாள். வீட்டுக்கு வந்து புதுச் செருப்பை உள்ளே வைத்துவிட்டு, பழசையே தைத்துப் போட்டுக்கொண்டேன். அதற்கும், "வேஷம் பாரு" என்று பேச்சு வந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் சண்டை போடவும் வாய் வரவில்லை. எதை நம்பி சண்டை போடுவது?

கடைசியில் தெருக்காரர்கள் கற்பூரம் கேட்டார்கள். எங்கள் பக்கம் பேசித் தீராத வழக்கு அங்கேதான் போகும். அம்மன் கோயில் வாசலில் தட்டில் கற்பூரத்தை ஏற்றி, 'நான் செய்யவில்லை' என்று சொல்லிவிட்டுக் கையால் ஓங்கி அடித்து அணைக்க வேண்டும். முதலில் சொல்ல வேண்டும், அப்புறம் அடிக்க வேண்டும், அடித்த கையை உடனே எடுத்துவிட வேண்டும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த முறை. இவரும் "அடிக்கிறேன்" என்று ஒப்புக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் வாசலில் நல்ல கூட்டம். வார்டு கூட்டத்துக்கு ஒரு நாளும் வராதவர்களெல்லாம் வந்திருந்தார்கள். நான் எதிர்வீட்டு அக்காவுக்குப் பக்கத்தில் நின்றேன். மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். நான் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்க வந்திருந்தேன். 'நான் வாங்கல' என்று அம்மன் முன்னால் இவர் சொல்லிவிட்டால் போதும், நம்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

எல்லாவற்றையும் கெடுத்தது மைக். ரேடியோ செட் கடைக்காரர் யாரும் கேட்காமலே ஆர்வத்தில் ஒரு மைக்கைக் கொண்டுவந்து இவர் முன்னால் வைத்துவிட்டார். பூசாரி கட்டிக் கற்பூரமாகப் பெரிதாக ஏற்றி நீட்டினார். கவுன்சிலர் ஆனதிலிருந்து மைக்கைப் பார்த்தால் இவருக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. பதற்றத்தில் முதலில் கையைக் கற்பூரத்தின் மேல் வைத்தார். அது அணைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. கை அங்கேயே இருக்க, மைக்கைப் பார்த்து ஆரம்பித்தார்.

"பேரன்பு கொண்ட பெரியோர்களே! தாய்மார்களே! உடன்பிறவா சகோதர..."

ஓரத்தில் கற்பூரம் எரிந்துகொண்டுதான் இருந்தது. அடுத்து வந்தது "ஐயோ!" அதுவும் மைக்கில், செங்கம் ரோடு வரைக்கும் கேட்கிற மாதிரி. கையை உதறிக்கொண்டு ஓடிப்போய்க் கோயில் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார்.

கூட்டம் தொட்டியைச் சுற்றி நெருங்கியது. அப்புறம் ஒருவர், "வாங்கலன்னு சொல்லவே இல்லயே" என்றார். "சொல்லத்தான் வந்தாரு, அம்மன் வுடல" என்றார் இன்னொருவர். எதிர்வீட்டு அக்கா, "நமக்கு வணக்கம் சொல்லிட்டு கைய சுட்டுகினாரு, அவ்ளோதாம்மா நடந்துச்சு" என்றார். எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து அக்கா முதுகைத் தடவிக்கொடுத்தார். தடவிக்கொடுத்ததும் நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. நான் கேட்க வந்த வாக்கியம் கிடைக்கவில்லையே.

வலது கையில் கட்டு. அதனால் அன்று நான்தான் ஊட்டிவிட வேண்டியிருந்தது. ரசம் சாதம். மூன்றாவது வாய் உள்ளே போனதும் கேட்டுவிட்டேன்.

"ஏங்க, வாங்கினீங்களா?"

மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். "இத்தினி நாளா இத கேக்காமயா இருந்தே?"

"நீங்க இன்னா சொல்வீங்களோன்னு பயமா இருந்துச்சு."

"பை வந்துச்சு. வேணாம்னு நான் எழுந்திருக்கறதுக்குள்ள வெச்சுட்டு போய்ட்டான். மறுநாள் பௌர்ணமியில எடுத்துகினு போய், மலைய சுத்தற வழியில அடி அண்ணாமலையில அந்த கான்ட்ராக்டர் வீட்லயே குடுத்துட்டு வந்துட்டேன்."

"அத்தன கூட்டத்துலயா?"

"வேற நாள்ல பையோட போனா அதுக்கொரு கத கட்டுவாங்க. கிரிவலத்துல எல்லார் கையிலயும் ஒரு பை இருக்கும். யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு போனேன்." கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு, "படவே இல்ல" என்றார் பரிதாபமாக.

"எவ்ளோ இருந்துச்சு?"

"பிரிக்கவே இல்ல."

"பிரிச்சுகூட பாக்கலயா? முறுக்கா இருந்திருந்தா?"

அவர் யோசித்தார். அந்தக் கோணத்தில் அவர் யோசித்ததே இல்லை என்று முகத்தில் தெரிந்தது. இருவரும் சிரித்துவிட்டோம்.

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா நீ எதிர்வீட்டு அக்காகிட்ட சொல்லிடுவ."

கரண்டியைத் தூக்கிப் போடலாம் போலிருந்தது. சொல்லியிருப்பேன்தான்! பையைத் திருப்பிக் கொடுக்கப் போகிறார் என்று அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இவர் மலையைச் சுற்றி வருவதற்குள் ஊருக்கே தெரிந்திருக்கும். கற்பூரமே வேண்டியிருக்காது. பணம் கொடுக்க வருகிறவன் ரகசியமாக வருவான், சரி. திருப்பிக் கொடுக்கிறவரும் ரகசியமாகப் போனால் யார்தான் நம்புவார்கள்?

"சோத்து மேல சொல்லுங்க" என்றேன்.

"சத்தியமா வாங்கல" என்றார், வாய் நிறைய ரசம் சாதத்தோடு. பெரியோர்களும் இல்லை, தாய்மார்களும் இல்லை. நான் நம்பினேன். பொய் சொல்பவராக இருந்தால் இதைவிட நல்ல கதையாகச் சொல்லியிருப்பார். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது. அடுத்த கவளத்தைப் பெரிதாக உருட்டி ஊட்டினேன்.

மறுநாளே அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "நீ சொல்லாம வேற யாரும்மா சொல்வாங்க" என்றார். அதோடு சரி. அடுத்த தேர்தலில் இவருக்கு டெபாசிட் போனது. நான் புதுச் செருப்பை வெளியே எடுத்தேன்.

புதிதாக ஜெயித்த கவுன்சிலர் கொஞ்ச வயசுக்காரர். இரண்டு வருஷம் கூட ஆகவில்லை, தெருவிளக்கு விஷயத்தில் அவர் பேரும் அடிபட்டது. தெரு மறுபடியும் கற்பூரம் கேட்டது. ஒரு நாள் காலையில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, தயங்கித் தயங்கி இவரிடம் கேட்டார். "அண்ணே, அந்த கற்பூரம்... உங்களுக்கு அனுபவம் இருக்குது."

இவர் உள்ளங்கையில் இருந்த வடுவைக் காட்டி, பாடம் எடுக்கிற மாதிரி சொன்னார். "மொதல்ல விஷயத்த சொல்லிடு. அப்புறம் கைய அடி. மைக்க அந்தாண்ட வெக்கச் சொல்லு."

நான் காபி கொடுத்தேன். அவர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, நீங்களாவது என்ன நம்புறீங்களா?" என்றார்.

"நாங்க நம்பி இன்னாங்க ஆவப்போவுது? உங்க வீட்ல அவங்க இன்னா சொல்றாங்க?"

அவர் காபியைக் குடிக்காமல் கீழே வைத்தார். "அவ ஒண்ணுமே கேக்கலீங்க. ஒரு மாசமா நல்லாத்தான் பேசறா. இத மட்டும் கேக்கவே மாட்டேங்கறா."

"இன்னிக்கு சாப்பிடறப்போ நீங்களே சொல்லிடுங்க" என்றேன். "அவங்க கேக்கற வரைக்கும் இருக்காதீங்க."

தலையை ஆட்டிவிட்டு எழுந்தார். வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்புகிற வரை பொறுத்திருந்துவிட்டு இவரிடம் கேட்டேன்.

"வாங்கியிருப்பாரோ?"

இவர் என்னையே பார்த்தார். "ஏன் கேக்கற?"

"இல்ல, செருப்பு புதுசா இருந்துச்சு" என்றேன்.