வயரைப் பிடுங்கிய காலை

புலம்பெயர்ந்து வந்து, கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் நானும் அண்ணையும் இருந்த வீட்டில் கணினி இல்லை, ஒரு வீடியோ கேம் பெட்டிதான் இருந்தது. அதனுடன் வந்த இணைய சிடியைப் போட்டு, தொலைபேசி வயரைப் பெட்டியில் செருகினால் டிவியில் செய்தி வாசிக்கலாம். ஆனால் அவ்வளவு நேரமும் யார் அழைத்தாலும் லைன் கிடைக்காது.

ஒரு காலை, கொழும்பில் அம்மா தங்கியிருந்த பக்கம் குண்டு வெடித்ததாக வானொலி சொன்னது. எத்தனை முறை முயன்றும் அங்கே அழைப்புப் போகவில்லை. நான் சிடியைப் போட்டேன். செய்திப் பக்கம் வரிவரியாகத் திறந்தது. தெருவின் பெயர் இன்னும் வரவில்லை.

"வயரைக் கழட்டு. அம்மா அங்கையிருந்து எடுத்தாலும் லைன் கிடைக்காது," என்றார் அண்ணை.

"கொஞ்சம் பொறுங்கோ. எந்த இடமெண்டு இப்ப வந்திடும்."

"தெரிஞ்சு என்ன செய்யப் போறாய்?"

பக்கம் பாதியில் நிற்க வயரைப் பிடுங்கித் தொலைபேசியில் மாட்டினேன். இருவரும் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்தோம். அண்ணை வேலைக்குப் போகவில்லை. முக்கால் மணித்தியாலம் கழித்து மணி அடித்தது.

"முதல் எடுக்கேக்கை ஆரோடை கதைச்சுக்கொண்டிருந்தனியள்? போன் கடையிலை திரும்பவும் வரிசையிலை நிண்டு எடுக்கிறன்," என்று அம்மா கோபித்தார்.

"ஒருத்தரோடையும் இல்லையம்மா," என்றேன். ரிசீவரை அண்ணையிடம் கொடுத்துவிட்டேன்.