“உன் பேர் என்ன?” என்று என் மகளைக் கேட்டார்கள்

சபையாரே, சாட்சி சொல்ல எழுந்தவன் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆண்டவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் செய்ததைத் தாங்கள் செய்ததாகச் சொல்லித் திரிகிறவர்கள் மேல்தான்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பல்லாவரம் மலையில் கல் உடைத்தேன். அதே கல்லை ஏற்றச் சொந்த லாரி வாங்கினேன். தாம்பரத்தில் மாடி வைத்து வீடு கட்டினேன். ஆண்டவர் தயவு தவிர யார் தயவும் கிடையாது. மனைவி காய்ச்சலில் போனபின் ஒரே மகள் ரூபிக்குச் சடை பின்னி வளர்த்ததும் இந்தக் கைதான். பதினைந்து முடிந்ததும் பெருங்களத்தூரில் ஒரு விசுவாசிக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தேன். அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் கொடுத்தார்கள்.

அறுபத்தொன்பதாம் வருஷ மழைக்காலம். ரூபிக்கு எட்டாம் மாதம். பார்க்கப் போனேன். முகம் உப்பிக் கண் இடுங்கிக் கிடந்தது.

“தலை வெடிக்குதுப்பா. கண்ணு முன்னால பூச்சி பறக்குது” என்றாள்.

டாக்டரிடம் காட்டினீர்களா என்றேன். சம்பந்தியம்மாள் சிரித்தாள்.

“இன்னா சம்பந்தி, தலைச்சன் புள்ளன்னா மூஞ்சி ஊதத்தான் செய்யும். நான் ஏழு பெத்தவ. என்னை எந்த டாக்டரு பார்த்தான்?”

“அப்போ என் வூட்டுக்குக் கூட்டிகினு போறேன். தலைப்பிரசவம் அம்மா வூட்லதானே?”

“அந்த வூட்ல அம்மா எங்க கீது? லாரிதான் கீது!”

அந்தச் சொல் நெஞ்சில் குத்தியது. அவளை அங்கேயே விட்டுத் திரும்பினேன்.

அடுத்த வாரம் ஆள் ஓடிவந்து, “ரூபிக்குப் பேய் பிடிச்சிருக்கு” என்றான். லோடை இறக்காமலே டிரைவரை லாரியை எடுக்கச் சொன்னேன். “ஆண்டவரே, இது என்னவென்று காட்டும், காட்டும்” என்று வழியெல்லாம் கத்தினேன்.

பாயில் கிடந்தாள். வாயில் நுரை, கடிபட்ட நாக்கில் ரத்தம். கைகால் வெட்டி வெட்டி இழுத்து அப்போதுதான் அடங்கியிருந்தது. சுற்றிலும் ஜெபக்குழு. அதன் தலைவர் ஆபீஸ் உத்தியோகம் பார்ப்பவர், நன்றாகப் படித்தவர். என் பிள்ளையின் நெற்றியை அழுத்திக்கொண்டு கேட்கிறார்:

“அசுத்த ஆவியே, உன் பேர் என்ன?”

“ரூபி” என்றாள், கண் திறக்காமல்.

“பொய் சொல்றே! உண்மையான பேரச் சொல்லு!”

“ரூபி…”

“தந்திரமான ஆவி, அண்ணா. நீங்க கொஞ்சம் வெளிய இருங்க” என்றார் என்னிடம்.

சபையாரே, ஆண்டவர் எனக்குக் காட்டியது அந்த இடத்தில்தான். அந்த உடம்பில் என் மகளைத் தவிர வேறு யாரும் இல்லை. அவள்தான் தன் பேரைச் சொல்கிறாளே!

“இன்னொரு தபா கேட்டுப் பாரு, உன் பேரு உனக்கே மறந்துபூடும்” என்று அவர் கையைத் தட்டிவிட்டு அவளைத் தூக்கினேன்.

“ஜெபம் பாதியில நிக்குதே!” என்று கத்தினாள் சம்பந்தியம்மாள்.

“மீதிய நீங்க முடிங்க. நான் ஆசுபத்திரிக்குப் போறேன்.”

லாரியில் என் மடியிலேயே மறுபடியும் இழுத்தது. தாம்பரம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்ததுமே ஊசி போட்டார். “இது பிரசவ ஜன்னி. ரத்தக் கொதிப்பு ஏறி வர்ற வலிப்பு. முகம் வீங்கினப்பவே கூட்டிட்டு வந்திருக்கணும். தாய், குழந்தை யாரைப் பத்தியும் இப்ப எதுவும் சொல்ல முடியாது” என்றார். “அவள் அம்மாவை எடுத்தபோது நான் வாய் திறக்கவில்லை. இவளைத் தர மாட்டேன்” என்று ஆண்டவரிடம் சண்டை போட்டேன். அதற்குப் பெயர் ஜெபம் இல்லையென்றால் எனக்கு வேறு ஜெபம் தெரியாது.

கைக்குள் அடங்குகிற பெண் குழந்தை பிறந்தது. ரூபியும் பிழைத்தாள். ஆனால் பார்வை இல்லை. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார்கள். கட்டில் பக்கத்திலேயே முழங்காலில் கிடந்தேன். ஒரு காலை அவள் என்னைப் பார்த்து, “இன்னாப்பா, சட்டையெல்லாம் கிரீஸு? தாடிய எடுக்கக் கூடாதா?” என்றாள். மலையில் கல் உடைத்தபோதும் அழாதவன் நான். அன்றைக்கு வார்டே திரும்பிப் பார்க்க அழுதேன்.

அப்போது அந்தத் தலைவர் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். “பார்த்தீங்களா அண்ணா, நாங்க துரத்தின ஆவி ஓடிப்போச்சு!”

“ஓடுனது ஆவி இல்ல சார், என் லாரி” என்றேன்.

அவர் கேட்கவில்லை. இன்றைக்கும் கூட்டத்துக்குக் கூட்டம் ‘பெருங்களத்தூர்ப் பிசாசு’ என்று என் பிள்ளையின் வலிப்பைச் சாட்சியாகச் சொல்கிறார். நீங்கள் கை தட்டுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ரூபி சுகமாக இருக்கிறாள். பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்கு இருபத்தொன்று ஆகாமல் பெண் கேட்டு யாரும் என் படி ஏற வேண்டாம்.

சபையாரே, ஜெபம் பண்ணுங்கள். எனக்குப் பதில் தந்தவர் உங்களுக்கும் தருவார். ஆனால் பிள்ளைத்தாய்ச்சியின் முகம் வீங்கினால், தலை வலித்தால், முழங்காலில் நின்று நேரத்தைப் போக்காதீர்கள். கிடைத்த வண்டியில் ஏற்றுங்கள். வண்டிச் சத்தத்திலும் அவருக்குக் காது கேட்கும்.